ஐசோரிதம்: 14ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மோட்டெட்டைப் படிப்படியாகக் கட்டும் முறை

பாரிஸ், ரெய்ம்ஸ் நகரங்களில் 14ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட பல்குரல் பாடல்களை முதன்முறை கேட்கும் எவரும் மேல்குரல்களின் வேகத்தைத்தான் கவனிப்பார்கள். இரண்டு பாடகர்கள் ஒரே நேரத்தில் இரண்டு வேறு பாடல் வரிகளைப் பாடுவார்கள். கீழே மூன்றாவது குரல் நீண்ட சுரங்களை மெதுவாக நகர்த்திக்கொண்டிருக்கும். இத்தகைய பாடலுக்கு மோட்டெட் என்று பெயர். கட்டடம் முழுவதும் நிற்பது அந்தக் கீழ்க்குரலின் கணக்கின் மேல்தான். இக்கணக்குக்கு இன்றைய பெயர் ஐசோரிதம். ஜெர்மானிய இசை அறிஞர் ஃப்ரீட்ரிஷ் லூட்விக் 1904இல் இந்தப் பெயரை இட்டார். அதை எழுதிப் பாடியவர்களுக்கு அப்படியொரு சொல் தெரியாது.

புத்தகங்கள் பெரும்பாலும் இதை ஒரு வரையறையோடு முடித்துவிடுகின்றன: சுரவரிசை ஒன்று, கால அளவு வரிசை ஒன்று, இரண்டும் வெவ்வேறு நீளம், இரண்டும் திரும்பத் திரும்ப வரும். வரையறை சரிதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு மோட்டெட்டைக் கேட்டால் எதுவும் பிடிபடாது. நீங்களே ஒன்றைக் கட்டிப் பார்ப்பதே இதைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. கீழே மூன்று குரல்களுக்கான சிறிய மோட்டெட் ஒன்றை முதல் கணக்கிலிருந்து கடைசி நிறுத்தம் வரை அமைக்கிறோம். சுரங்களை ச ரி க ம ப த நி என்றே எழுதுகிறோம். ச என்பது மேற்கத்திய டி. கரகரப்பிரியாவின் சுரங்களும் இடைக்காலத் திருச்சபையின் டோரியன் முறைமையின் சுரங்களும் ஒன்றே என்பதால் இதில் சிக்கல் இல்லை.

பின்னணி, தேவையான அளவுக்கு

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பாரிஸின் நோட்ர-டாம் பேராலயத்தோடு தொடர்புடைய லியோனின், பெரோட்டின் போன்றோர் கால அளவோடு கூடிய பல்குரல் இசையை வளர்த்தார்கள். அவர்களிடம் ஆறு தாளமுறைகள் இருந்தன: நெடியது-குறியது, குறியது-நெடியது என்பன போல. திருச்சபைப் பாடலின் ஒரு துண்டை எடுத்து, அதன் சுரங்களை ஒரே குறுகிய தாள அச்சில் மீண்டும் மீண்டும் வார்ப்பது அப்போதே வந்துவிட்டது. 1280 வாக்கில் கொலோன் நகர ஃப்ராங்கோ, ஒரு குறியின் வடிவத்தைப் பார்த்தே அதன் நீளத்தைச் சொல்லக்கூடிய விதிகளை வகுத்தார். 1320களில் பிலிப் தே விட்ரி, யொஹானெஸ் தே முரிஸ் ஆகியோரின் வட்டத்தில் ஆர்ஸ் நோவா என்னும் புதிய முறை உருவானது. மினிமா என்ற மிகச் சிறிய அளவு வந்தது. எந்த அளவையும் மூன்றாகவோ இரண்டாகவோ பிரிக்கலாம் என்றானது. தாள அச்சு நீள வழி பிறந்தது. நான்கைந்து சுரங்களுக்குப் பொருந்திய அச்சு இப்போது பத்து, பதினைந்து சுரங்களைத் தாங்கியது. விட்ரிக்குப் பின் இதில் மிக ஆழமாகச் சென்றவர் ரெய்ம்ஸ் பேராலயத்தின் கியோம் தே மாஷோ. 1377இல் இறந்த அவர் 23 மோட்டெட்டுகளை விட்டுச் சென்றிருக்கிறார்.

அளவுகளைக் கையில் பிடித்தல்

நான்கு அளவுகள் போதும்: லோங்கா, பிரேவிஸ், செமிபிரேவிஸ், மினிமா. நம் மோட்டெட்டில் ஒரு லோங்கா 3 பிரேவிஸ், ஒரு பிரேவிஸ் 2 செமிபிரேவிஸ், ஒரு செமிபிரேவிஸ் 3 மினிமா. விட்ரி, மாஷோ மோட்டெட்டுகளில் பிரேவிஸை இரண்டாகவும் செமிபிரேவிஸை மூன்றாகவும் பிரிப்பதே மிகப் பழக்கமானது.

வாயால் சொல்லிப் பாருங்கள். ஒரு செமிபிரேவிஸ் ஒரு தகிட. ஒரு பிரேவிஸ் தகிட தகிட. முழு லோங்கா என்பது தகிட தகிட மூன்று முறை, அதாவது 18 மினிமா. மேல்குரல்கள் தகிட என்ற அளவில் ஓடும். கீழ்க்குரல் பிரேவிஸையும் லோங்காவையும் மட்டுமே தொடும்.

கர்நாடக இசை பழகியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாளம் என்பது பாட்டுக்குக் கீழே ஓடும் வட்டம். அதற்குள் எந்தச் சுரமும் எந்த நீளத்திலும் வரலாம். தாலேயா எனப்படும் கால அளவு வரிசை அத்தகைய வட்டம் அன்று. சுரங்களின் நீளங்களும் ஓய்வுகளும் அப்படியே அடுக்கப்பட்ட வரிசை அது. முதல் சுரம் 3 என்றால் ஒவ்வொரு முறையும் 3 தான். இது பிடிபடாவிட்டால் அடுத்த படிகள் எல்லாம் குழம்பும்.

படி 1: டெனோர் சுரவரிசை

கீழ்க்குரலின் பெயர் டெனோர். மோட்டெட் அமைப்பதற்கு எகிடியுஸ் தே முரினோ எழுதிய இடைக்காலக் கையேடு ஒன்று இருக்கிறது. அதன் முதல் அறிவுரையே இதுதான்: திருச்சபையின் அந்திஃபோன் அல்லது ரெஸ்பான்சரிப் பாடலிலிருந்து டெனோரை எடு, அதன் சொற்கள் நீ எழுதப்போகும் பொருளோடு ஒத்துப்போக வேண்டும். டெனோர் பாடகர் அந்தச் சொற்களை முழுவதும் பாடப்போவதில்லை, ஓரிரு சொற்கள் ஏட்டின் ஓரத்தில் தலைப்பாக மட்டும் நிற்கும். ஆனாலும் அந்தத் தேர்வில் மிகுந்த அக்கறை காட்டினார்கள். பொறாமையைச் சாடும் மாஷோவின் ஒன்பதாம் மோட்டெட்டின் டெனோருக்கு ஃபெரா பெசிமா, கொடிய விலங்கு, என்பது தலைப்பு. யோசேப்பை விலங்கு கடித்துத் தின்றது என்று அவன் சகோதரர்கள் தந்தையை நம்பவைத்த விவிலியக் கதையிலிருந்து அது வருகிறது.

எடுத்த சுரவரிசைக்குக் கோலோர் என்று பெயர். உண்மையான மோட்டெட்டுகளில் அது நீளமாக இருக்கும். பயிற்சிக்காக 9 சுரங்களில் ஒன்றை அமைத்துக்கொள்வோம்:

ச க ரி ம ப ம க ரி ச

கடைசி இரண்டு சுரங்கள் ரி-ச என்று ஒரு படி இறங்குவதைப் பாருங்கள். அது தற்செயலன்று. முடிப்புக்கு அந்த இறக்கம் தேவை. படி 7இல் காரணம் தெரியும். நீங்களே ஒரு திருச்சபைப் பாடலிலிருந்து துண்டை வெட்டுவதானால் ஒரு படி இறங்கி முடியும் இடத்தில் வெட்டுங்கள். பெரிய தாவலில் முடியும் துண்டை எடுத்தால் கடைசி நிறுத்தம் எவ்வளவு முயன்றாலும் அமராது.

படி 2: தாலேயா

இப்போது 6 சுரங்களுக்கான கால அளவு வரிசை. எண்கள் பிரேவிஸ் கணக்கு:

3 / 2 1 / ஓய்வு 3 / 3 / 1 2 / ஓய்வு 3

மொத்தம் 18 பிரேவிஸ். அதில் 12 ஒலி, 6 ஓய்வு. பழைய குறியீட்டில் இதை எழுதினால்: லோங்கா, லோங்கா, பிரேவிஸ், ஓய்வு, லோங்கா, பிரேவிஸ், பிரேவிஸ், ஓய்வு. எண்களே இல்லாமல் இந்த நீளங்கள் எப்படி வருகின்றன? ஃப்ராங்கோவின் விதிகளால். லோங்காவுக்குப் பின் லோங்கா வந்தால் முதலாவது முழு 3. லோங்காவுக்குப் பின் ஒற்றைப் பிரேவிஸ் வந்தால் அது லோங்காவிடமிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்: 2, 1. லோங்காவுக்குப் பின் இரண்டு பிரேவிஸ் வந்து அதோடு முடிந்தால் லோங்கா 3ஆகவே நிற்கும். இரண்டாவது பிரேவிஸ் இரட்டிக்கும்: 1, 2. ஒரே வடிவமுள்ள இரண்டு குறிகள் அருகருகே நின்று வெவ்வேறு நீளம் பெறுவது புதிதாகப் படிப்பவர்களை அதிகம் தடுக்கி விழ வைக்கும் இடம். இரண்டையும் 1, 1 என்று பாடிவிட்டால் தாலேயா ஒரு பிரேவிஸ் குறைந்து, அடுத்த சுற்றிலிருந்து டெனோர் மற்றவர்களுக்கு முன்னால் ஓடிவிடும்.

மொத்தம் ஏன் 18 என்று இரட்டைப்படை எண்ணாக இருக்க வேண்டும்? பிற்பகுதியில் எல்லா அளவுகளையும் பாதியாக்கப்போகிறோம். நடு ஓய்வை விட்டுவிட்டு 15 பிரேவிஸாக அமைத்தால் பாதி 7½ ஆகும். அப்போது இரண்டாம் தாலேயா மேல்குரல்களின் பிரேவிஸுக்கு நடுவில் தொடங்கும். முதல் தாலேயாவுக்கு எழுதிய மேல்குரல் அமைப்பை இரண்டாவதில் திரும்பப் பயன்படுத்த முடியாது. கட்டி முடித்த பிறகு இதைக் கண்டுபிடித்தால் அடித்தளத்தையே உடைக்க வேண்டிவரும். கணக்கை முதலிலேயே போடுங்கள்.

படி 3: கோலோரும் தாலேயாவும் பின்னுதல்

9 சுரம், 6 நீளம். மீச்சிறு பொது மடங்கு 18. எனவே கோலோர் 2 முறையும் தாலேயா 3 முறையும் வந்தால் இரண்டும் சேர்ந்து முடியும்.

முதல் தாலேயா: ச(3) க(2) ரி(1) ஓய்வு(3) ம(3) ப(1) ம(2) ஓய்வு(3)
இரண்டாம் தாலேயா: க(3) ரி(2) ச(1) ஓய்வு(3) ச(3) க(1) ரி(2) ஓய்வு(3)
மூன்றாம் தாலேயா: ம(3) ப(2) ம(1) ஓய்வு(3) க(3) ரி(1) ச(2) ஓய்வு(3)

மொத்தம் 54 பிரேவிஸ். கோலோரின் இரண்டாவது வருகை இரண்டாம் தாலேயாவின் நடுவில், நான்காவது சுரத்தில் தொடங்குகிறது. முதல் முறை 3 பிரேவிஸ் நின்ற ச இப்போதும் 3. ஆனால் முதலில் 2 நின்ற க இப்போது 1. அதே சுரவரிசைதான், உடம்பு வேறு. ஐசோரிதத்தின் அழகு எனக்கு இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது: எதுவும் புதிதாகச் சேர்க்கப்படவில்லை, ஆனால் எதுவும் அப்படியே திரும்பவும் இல்லை.

எல்லா மோட்டெட்டும் இப்படிப் பின்னுவதில்லை. மாஷோவின் நோட்ர-டாம் திருப்பலியின் முதல் கிரியே பகுதியில் 28 சுரங்கள் 4 சுரம் கொண்ட தாலேயாவில் 7 முறை அமர்ந்து ஒரே தடவையில் முடிந்துவிடும். விட்ரியுடையதாகக் கருதப்படும் கார்ரித் கால்லுஸ் மோட்டெட்டில் ஒவ்வொரு கோலோரும் சரியாக 3 தாலேயாக்களில் அடங்கும். தொடங்குபவர்களுக்கு 2-க்கு-3 பின்னலையே பரிந்துரைக்கிறோம். இரண்டு வரிசைகளும் தனித்தனிப் பொருள்கள் என்பதை அது கையாலேயே உணர்த்திவிடும்.

படி 4: பாதியாக்கல்

54 பிரேவிஸ் முடிந்ததும் டெனோர் அதே குறிகளைத் திரும்பப் படிக்கும், எல்லா நீளமும் பாதியாக. 3 என்பது 1½, 2 என்பது 1, 1 என்பது அரை. தாலேயா 9 பிரேவிஸாகச் சுருங்கும். மூன்று தாலேயா 27. முழு மோட்டெட்டும் 54 + 27 = 81 பிரேவிஸ், அதாவது 162 செமிபிரேவிஸ். ஒரு நிமிடத்துக்கு 54 செமிபிரேவிஸ் என்ற நிதான வேகத்தில் சரியாக 3 நிமிடம்.

மேல்குரல்கள் பாதியாவதில்லை, அவை பழைய வேகத்திலேயே போகும். அதனால் ஒரு புது உராய்வு பிறக்கிறது. டெனோரின் முதல் சுரம் இப்போது 3 செமிபிரேவிஸ், மேல்குரல்களின் பிரேவிஸோ 2 செமிபிரேவிஸ். கீழே மூன்று மூன்றாகவும் மேலே இரண்டு இரண்டாகவும் நகர்ந்து, 6 செமிபிரேவிஸுக்கு ஒருமுறை, அதாவது 3 பிரேவிஸுக்கு ஒருமுறை, இருவரும் ஒரே புள்ளியில் சேர்வார்கள். 9 பிரேவிஸ் தாலேயாவில் அத்தகைய தொகுதிகள் மூன்று. டெனோர் பாடகர் இங்கே தனக்குள் மூன்றாக எண்ண வேண்டும். மேல்குரலோடு சேர்ந்து இரண்டாக எண்ணினால் ஒன்றரை என்பது இரண்டாக நீண்டுவிடும்.

கடைசித் தாலேயாவின் இறுதி ஓய்வை மட்டும் விட்டுவிட்டு, அந்த நேரத்திலும் ச-வை நீட்டிப் பிடியுங்கள்.

படி 5: மேல்குரல்களின் வாக்கிய நீளம்

பலருடைய முயற்சி சரிவது இந்தப் படியில்தான். டெனோரின் ஓய்வில் மேல்குரல்களும் மூச்சு வாங்கிவிட்டால் இசை தாலேயாவுக்கு ஒருமுறை நின்று நின்று போகும். விட்ரி கண்ட வழி மிக எளிது: மேல்குரல் வாக்கியங்களும் தாலேயாவின் நீளமே இருக்கட்டும், ஆனால் தள்ளித் தொடங்கட்டும்.

நம் தாலேயாவில் டெனோர் 7 முதல் 9 வரையும் 16 முதல் 18 வரையும் உள்ள பிரேவிஸ்களில் ஓய்கிறது. அங்கே இரண்டு மேல்குரல்களும் ஒலிக்க வேண்டும். நடுக்குரலான மோட்டெடுஸுக்கு 5ஆம் பிரேவிஸில் ஓய்வு கொடுங்கள். பிறகு 23, 41. உச்சக்குரலான ட்ரிப்ளத்துக்கு 11ஆம் பிரேவிஸில். பிறகு 29, 47. எல்லாம் 18 இடைவெளி. எந்த இடத்திலும் இரண்டு குரல்கள் சேர்ந்து ஓயாது, மூன்றும் ஓயும் பேச்சே இல்லை. பாதியான பகுதியில் அதே ஒழுங்கை 9 இடைவெளியில் புதிதாக அமையுங்கள். நான்காவது குரலாகக் கான்ட்ராடெனோர் சேர்ப்பதானால் அதுவும் டெனோரைப் போல் நீண்ட சுரங்களில், தனக்கென ஒரு தாலேயாவோடு நகரும். டெனோர் ஓயும்போது அது ஒலித்து, தளம் காலியாகாமல் பார்த்துக்கொள்ளும். மாஷோ இப்படி நான்கு குரலில் எழுதிய மோட்டெட்டுகள் குறைவே, முதல் முயற்சிக்கு மூன்றே போதும்.

சொற்கள்: ட்ரிப்ளத்துக்கு நீண்ட பாட்டு, மோட்டெடுஸுக்குச் சிறிய பாட்டு, டெனோருக்கு எதுவும் இல்லை. 8 அசை வரிகளாக வைத்துக்கொண்டால் ட்ரிப்ளத்துக்கு 18 வரி, மோட்டெடுஸுக்கு 9 வரி பொருந்தும். முற்பகுதியின் ஒவ்வொரு தாலேயாவுக்கும் ட்ரிப்ளம் 4 வரி, மோட்டெடுஸ் 2 வரி. பிற்பகுதியில் 2 வரியும் 1 வரியும். இசையை முதலில் முடித்துவிட்டு, பிறகு பாட்டைப் பங்கு போட்டு அந்தந்தப் பகுதிமேல் முடிந்தவரை நன்றாகப் பொருத்து என்றே எகிடியுஸும் சொல்கிறார். சில இடங்களில் ஓர் அசை பல சுரங்களில் நீளும், சில இடங்களில் அசைகள் நெருங்கும். அதை அவர் குறையாகப் பார்க்கவில்லை.

மேல்குரல் சுரங்களுக்கு ஓர் அடிப்படை விதி: ஒவ்வொரு பிரேவிஸின் தொடக்கத்திலும் டெனோரோடு ஒத்திசைய வேண்டும். ஒரே சுரம், மேல்ஸ்தாயிச் சுரம், ச-ப உறவு ஆகியவை முழு ஒத்திசைவு. ச-க, ச-த உறவுகள் பாதி ஒத்திசைவு, அவை அடுத்ததாக முழுமையை நோக்கி நகர வேண்டும். ச-ம உறவு டெனோருக்கு எதிராக வரக்கூடாது, இரண்டு மேல்குரல்களுக்கு இடையே வரலாம். நடுவில் ஓடும் மினிமாக்களில் உரசல் வந்தால் கவலை வேண்டாம். அக்கால இசை அதை விரும்பியே ஏற்றது.

படி 6: ஹாக்கெட்

இப்போது முக்கியமான கேள்வி. நாம் வைத்த வேகத்தில் தாலேயா 40 விநாடிக்கு ஒருமுறைதான் திரும்புகிறது. எந்தக் காதும் அதைத் தானாகப் பிடிக்காது. அப்படியானால் இவ்வளவு கணக்கும் ஏட்டில் மட்டும் இருக்கும் வித்தையா? இல்லை. கீழே மறைந்திருக்கும் மீள்வரவை மேலே ஒலியாக்கிக் காட்டும் கருவி அவர்களிடம் இருந்தது. அதுதான் ஹாக்கெட்: ஒரு குரல் ஒலிக்கும்போது மற்றது ஓய, அது ஒலிக்கும்போது இது ஓய, ஒரே ஓட்டத்தை இருவரும் துண்டு துண்டாகப் பகிர்வது. தாலேயாவின் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் இது வெடிக்கும்போது கேட்பவருக்குச் சுற்று முடிவது தெரிந்துவிடும். இதன் வீச்சு எவ்வளவு என்றால், 1320களில் போப் 22ஆம் ஜான் வெளியிட்ட ஆணை, பாடகர்கள் மெட்டுகளை ஹாக்கெட்டால் வெட்டுகிறார்கள் என்று கடிந்துகொண்டது.

நம் மோட்டெட்டில் 13, 14, 15ஆம் பிரேவிஸ்களில் ஹாக்கெட்டை வையுங்கள். பிறகு 31 முதல் 33, 49 முதல் 51. ஒரு பிரேவிஸில் 6 மினிமா: த கி ட த கி ட. ட்ரிப்ளம் 1, 3, 5ஆம் மினிமாக்களை எடுக்கும், அதாவது த, ட, கி. மோட்டெடுஸ் 2, 4, 6ஐ எடுக்கும்: கி, த, ட. மூன்றாக ஓடிக்கொண்டிருந்த நடை சட்டென இரண்டு இரண்டாக மாறியதுபோல் கேட்கும்.

13ஆம் பிரேவிஸில் டெனோர் ப. ட்ரிப்ளத்துக்கு மேல் ரி, மேல் க, மேல் ரி. மோட்டெடுஸுக்கு நி, ப, நி. ஒவ்வொன்றும் ப-வோடு ஒத்திசையும். 31ஆம் பிரேவிஸில் டெனோர் க, 49இல் ரி. தாள அமைப்பு அப்படியே இருக்க, சுரங்களை அதற்கேற்ப மாற்றுங்கள். பாதியான பகுதியில் இதே இடம் 7ஆம் பிரேவிஸிலும் 8ஆவதன் முதல் பாதியிலும் வரும். 20 விநாடிக்கு ஒருமுறை ஹாக்கெட் வருவதால் முடிவை நோக்கிய இறுக்கம் தானாகக் கூடும்.

பயிற்சி முறை இதுதான். முதலில் ஒரே பாடகர் எல்லா மினிமாக்களையும் தொடர்ச்சியாகப் பாடட்டும். பிறகு இருவர், செமிபிரேவிஸ் அளவில் மாறி மாறி: ஒருவர் ஒரு தகிட, அடுத்தவர் ஒரு தகிட. அது அசையாமல் நின்றபின்தான் மினிமா அளவுக்கு இறங்க வேண்டும். ஓய்வில் வாயை மூடாமல், தாடையை அசைக்காமல், மூச்சை வயிற்றிலேயே நிறுத்துங்கள். ஒவ்வொரு ஓய்விலும் மூச்சு இழுத்தால் அடுத்த ஒலி தாமதமாகும். சுரத்தை வெட்டி எறியவும் கூடாது. ஒரு மினிமா என்றால் முழு மினிமா ஒலிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு குரலுக்கும் நடுவில் ஓட்டை விழும். வேகம் கூடிக்கொண்டே போவதுதான் எல்லாக் குழுக்களுக்கும் வரும் நோய். டெனோர் பாடகர் அங்கே விரலால் பிரேவிஸைத் தட்டட்டும்.

படி 7: நிறுத்தம்

டெனோர் ரி-ச என்று இறங்கும் இடத்தில் ரி-க்கு மேல் ட்ரிப்ளம் நி, மோட்டெடுஸ் ம. அந்த நி-யைக் காகலி நிஷாதமாகவும், ம-வைப் பிரதி மத்திமமாகவும் உயர்த்துங்கள். ஏட்டில் பெரும்பாலும் குறி இருக்காது, பாடகர்கள் பழக்கத்தால் செய்தார்கள். பிறகு டெனோர் ச-வுக்கு இறங்க, ட்ரிப்ளம் மேல் ச-வுக்கும், மோட்டெடுஸ் ப-வுக்கும் ஏறும். இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் அரைச்சுரம் ஏறும் இந்த முடிப்பு 14ஆம் நூற்றாண்டின் கையெழுத்து. இசைவு வைப்பதில் ச-ப தூய்மையாக நிற்க வேண்டும். உயர்த்திய சுரங்களைக் கொஞ்சம் கூடுதலாகவே மேலே தள்ளுங்கள், பியானோவில் பழகிய காதுக்கு அது கூர்மையாகப் படும்.

கவனம்: கடைசித் தாலேயாவின் இந்த இறக்கம் ஹாக்கெட் வைத்த அதே இடத்தில் விழுகிறது. ஒரு குரல் ஓய்வில் இருந்தால் முடிப்பு வெறுமையாகிவிடும். எனவே கடைசி முறை மட்டும் ஹாக்கெட்டை விட்டுவிட்டு மூன்று குரலும் சேர்ந்தே ஒலிக்கட்டும். 49ஆம் பிரேவிஸில் அதை விட வேண்டியதில்லை. அங்கே இசை தொடரப்போகிறது, நிறுத்தம் பலவீனமாக இருப்பதே நல்லது.

டெனோரில் வரும் இன்னொரு பொறி: இரண்டாம் தாலேயாவில் ச(1), ஓய்வு(3), ச(3). ஓய்வுக்கு இருபுறமும் ஒரே சுரம் என்பதால் பாடகர்கள் ஓய்வை விழுங்கி நீட்டிவிடுவார்கள். கோலோர் முடிந்து புதிதாகத் தொடங்கும் இடம் அது. வெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும்.

அடுத்து முயல: சிவப்புக் குறிகள்

ஆர்ஸ் நோவா ஏடுகளில் சில குறிகள் சிவப்பு மையில் இருக்கும். சிவப்பு லோங்கா 3க்குப் பதில் 2 பிரேவிஸ். சிவப்புப் பிரேவிஸ்கள் இரட்டிக்காது. நம் தாலேயாவின் 4, 5, 6ஆம் சுரங்களைச் சிவப்பாக்கினால் 3, 1, 2 என்பது 2, 1, 1 ஆகிவிடும். தாலேயா 18இலிருந்து 16ஆகக் குறையும், பாதி 8. கணக்கு இன்னும் உடையவில்லை. ஹாக்கெட், ஓய்வு இடங்களை மட்டும் திரும்பப் போட வேண்டும். கார்ரித் கால்லுஸின் டெனோரில் நடுப்பகுதி சிவப்பு: மூன்றாக நடந்த டெனோர் இரண்டாக மாறி மறுபடி மூன்றுக்கு வரும். அதன் மோட்டெடுஸ் பாட்டு, உருவங்கள் மாறுவதைப் பாடப்போகிறேன் என்ற, ரோமக் கவிஞர் ஓவிடின் உருமாற்றக் காவியத்தின் முதல் வரியோடு தொடங்குவது இதோடு பொருந்திப்போகிறது.

கட்டி முடித்தபின் கேட்க: முதலில் மாஷோவின் கிரியே, ஏனெனில் 4 சுரத் தாலேயா சிறியது, விரலால் எண்ணலாம். பிறகு கார்ரித் கால்லுஸ், டெனோர் வரியை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்து. மூன்றாவதாக மாஷோவின் ஹொகெடுஸ் டாவிட்: பாடல் வரிகளே இல்லாத மூன்று பகுதி இசை, டாவிட் என்ற ஒரே சொல்லின் நீண்ட மெட்டை டெனோராக்கி, மேலே இரண்டு பகுதிகளும் விடாமல் வெட்டிக்கொள்ளும். அதில் முதலில் டெனோரை மட்டும் இரண்டு முறை கேளுங்கள், மேல்பகுதிகளைப் பிறகு.